பக்கத்து வீட்டு இறால்

ஞானபூரணி இறால் வாங்க வேண்டும் என்று நினைத்து வெளியே போகவில்லை. மருந்துக் கடைக்குத்தான் போனாள். திரும்பி வரும் வழியில், தெருமுனை வேப்பமரத்தடியில், தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் மீன்காரர் வண்டியை நிறுத்தி ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். கார்த்திகை மாதம். தெருவில் பாதி வீடுகளில் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். அவருக்கு வியாபாரம் மந்தம்.

"சிஸ்டர், இந்தப் பக்கமே ஆளக் காணோமே. சார் எப்படி இருக்காக?"

"இருக்காக."

"இறால் வந்திருக்கு. சாருக்குப் பிடிக்குமே. கால் கிலோ போடட்டா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "போடுங்க" என்று வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பையை மருந்துக் கவருக்கு அடியில் மறைத்து எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனாள். யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று அவளுக்கே சிரிப்பாக இருந்தது. முன்னறையில் கட்டிலில் படுத்திருந்த அவள் புருஷன் தேவாசீர்வாதத்தால் அங்கிருந்து எழுந்து வந்து பார்க்கவும் முடியாது.

தேவாசீர்வாதம், எம். புதுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆவணி மாதம் ஒருநாள் காலையில், குளித்துவிட்டு வந்து சட்டைப் பொத்தான் போடும்போது அப்படியே சுவரோடு சரிந்தார். ஞானபூரணி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பார்த்தவுடனே பக்கவாதம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன, அவ்வளவு பெரிய உடம்பை அவளால் அசைக்கக்கூட முடியவில்லை. அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு ஓடி வந்தவன் பக்கத்து வீட்டு ஜெயபாண்டி. அச்சடிக்கிற பிரஸ்ஸில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்து படுத்திருந்தான். சாரைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினான்.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் தப்பவில்லை. பேச்சு குழறலாகத் திரும்பி வந்தது. ஆனால் விழுங்குவது சரியாகவில்லை. தண்ணீரைக்கூட அப்படியே குடிக்கக் கூடாது. மாவு கலந்து கெட்டியாக்கி, கரண்டியில்தான் ஊட்ட வேண்டும். ஒரு துண்டு வழி தவறிப் போனால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போய்விடும். அப்படிப் போனவர்களை ஞானபூரணி வார்டில் பார்த்திருக்கிறாள். ஆகவே வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். மூன்று வேளையும் குழைந்த கஞ்சி. அவருக்கு என்னவோ அதுவே அவளுக்கும். அவள் அப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒருத்தர் கஞ்சி குடிக்கும் வீட்டில் இன்னொருத்தர் குழம்பு வைத்துத் தாளிப்பது எப்படி என்று அவளே வைத்துக்கொண்ட விரதம் அது.

இத்தனைக்கும் அந்த வீட்டில் ருசிக்கு நாக்கு நீளம் அவருக்குத்தான். சனிக்கிழமை ஆனால் போதும், "நீ போய் டிவி பாரு பூரணி" என்று அவளை அடுப்படியிலிருந்து விரட்டிவிடுவார். கருப்பட்டி போட்டு இறால் வறுப்பார். சோறு வெந்து வடிப்பதற்குள் இறால் தயாராகிவிடும். இனிப்பும் புளிப்பும் உறைப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். "இது யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டால், "கணக்குப் போட்டேன், விடை வந்துச்சு" என்பார்.

அன்று சாயங்காலம் லேசாக மழை தூறிக்கொண்டிருந்தது. அவருக்குக் கால் பிடித்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கண் சொக்கியதும் ஞானபூரணி அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினாள். இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் கீறிக் கறுப்பு நரம்பை உருவி எடுத்தாள். மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிசறி வைத்தாள். கருப்பட்டியைத் தட்டிப் புளித்தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டினாள். ஒரு அடுப்பில் அரிசி. இன்னொன்றில் நல்லெண்ணெய் காய்ந்தது.

வாசம் உள்ளே போய்விடக் கூடாதே என்று புகைபோக்கி விசிறியைப் போட்டாள். அந்த விசிறி பக்கவாட்டுச் சந்துக்குள் திறந்தது. முன்னறை ஜன்னலும் அதே சந்துக்குள்தான் திறந்தது. அவசரத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை.

தட்டிய பூண்டைப் போட்டவுடன் முன்னறையில் அவர் இருமுவது கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். தூக்கத்தில் ஒரு சின்ன இருமல், அவ்வளவுதான். திரும்பி வருவதற்குள் பூண்டு கருத்துவிட்டது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கப் பொறுமையில்லை. அதன் மேலேயே இறாலைப் போட்டாள், கையோடு கருப்பட்டிக் கரைசலையும் ஊற்றினாள். இறால் சுருண்டு சிவந்து, பாகு சுண்டி ஒட்டிக்கொண்டது. மிளகைப் பொடித்துத் தூவி இறக்கினாள்.

உட்காரவில்லை. தொட்டி பக்கத்தில் நின்றபடியே, சட்டியிலேயே சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டாள். பூண்டு கசந்தது. இனிப்பு தூக்கலாக இருந்தது. அவர் கைப்பக்குவத்தில் பாதிகூட இல்லை. இருந்தும் நாக்கின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு பல்லில் கடிபடுகிற ஒன்று! நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"பூரணி."

கையில் கவளத்தோடு அப்படியே நின்றாள்.

"பூரணி... இங்கன வா."

வாயில் இருந்ததை அரைகுறையாக விழுங்கி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டு போனாள். அவர் முழித்திருந்தார். மூக்கு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

"இறால் வாசம்" என்றார்.

"பக்கத்து வீட்ல."

அவள் யோசிப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்ட வார்த்தை.

"ஜெயபாண்டி வீட்லயா?"

"ஆமா."

அவர் கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தார். முகத்தின் இடது பாதி சிரித்தது. "பூண்டக் கருக்கிட்டாக" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "கருப்பட்டிய முந்தியே ஊத்திட்டாக. பாவம், அந்தப் பிள்ளைக்குத் தெரியல. நான் எந்திரிச்சதும் சொல்லித் தாரேன்."

"சரி" என்றாள்.

"ஜன்னல நல்லாத் திறந்து வையி."

திறந்து வைத்தாள். பிறகு கஞ்சியைக் கொண்டுவந்து ஊட்டினாள். ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டார். வாசத்தைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடிக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. தன் விரல் அவர் மூக்குக்குப் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொண்டாள். சட்டியில் மிச்சமிருந்ததைக் குப்பைக் கவரில் கட்டி, மேலே இன்னொரு கவர் போட்டு முடிந்தாள்.

படுத்த பிறகுதான் ஜெயபாண்டி மாலை போட்டிருப்பது அவளுக்கு உறைத்தது. தெருவே பார்க்க, கறுப்பு வேட்டியில் பிரஸ்ஸுக்குப் போய் வருகிறான். அவன் பெண்டாட்டி அழகுமீனா விடிகாலையில் வீட்டைக் கழுவி விடுகிற சத்தம் தினமும் கேட்கிறது. அந்த வீட்டிலா இறால்? காலையில் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். காலையில் அவர், "நேத்து நல்லாத் தூங்குனேன்" என்றார். சொல்லவில்லை. கட்டிலில் கிடப்பவர் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறார் என்று ஒரு சமாதானம்.

அவர் சொன்னார். அடுத்த இரண்டொரு நாளில், அவள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தபோது, "சுந்தரபாண்டி வந்துட்டுப் போனான்" என்றார். சுந்தரபாண்டி அவரிடம் படித்தவன். காலண்டர் சீசனில் ஆர்டர் எடுக்க அலைகிற அலைச்சலிலும் சாரை மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பான்.

"என்ன சொன்னான்?"

"பேச எனக்கு என்ன விஷயம் இருக்கு? பக்கத்து வீட்டு இறாலப் பத்திச் சொன்னேன். பூண்டு கருகுனதச் சொன்னேன். சிரிப்பான்னு பாத்தா, உம்முனு எந்திரிச்சுப் போயிட்டான். அவனும் மாலை போட்டிருக்கான். சைவப் பேச்சுத்தான் பிடிக்கும்போல."

சுந்தரபாண்டியும் ஜெயபாண்டியும் ஒரே குருசாமியிடம் மாலை போட்டவர்கள், ஒரே வண்டியில் மலைக்குப் போகிறவர்கள். ஞானபூரணி போனை எடுத்தாள். சுந்தரபாண்டியின் நம்பரைத் தேடிப் பிடித்தாள். என்ன சொல்வது? 'தம்பி, அது நான் தின்ன இறால்' என்றா? அவர் பக்கத்திலேயே படுத்திருக்கிறாரே. போனைக் கீழே வைத்துவிட்டுக் கஞ்சிக்கு உளுந்து ஊறப்போடப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் அழகுமீனா வந்தாள். எப்போதும் "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வருகிறவள், வாசலிலேயே நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள், ஞானபூரணியைத் தாண்டி அவரைப் பார்த்து. "எங்க வீட்ல இறால் ஆக்குனோம்னு நீங்க சொன்னீகளா?"

தேவாசீர்வாதம் விழித்தார். "ஆமாம்மா. வாசம் வந்துச்சே. ஏன்?"

"எங்க வீட்ல மாலை போட்டிருக்கு சார். கார்த்திகை ஒண்ணாந் தேதியில இருந்து முட்டகூட வாங்கல. சுந்தரபாண்டி சாமி நேத்து பூஜையில எல்லாருக்கும் முன்னால சொல்லிருக்கு. குருசாமி இவுகளக் கூப்பிட்டு, விரதம் கலைஞ்ச வீட்டுக்காரன் இருமுடி கட்ட வேண்டாம்னு சொல்லிட்டாக. இவுக வீட்டுக்கு வந்து..." குரல் உடைந்தது. "நான் வேலைக்குப் போன நேரத்துல நீ ஆக்கித் தின்னியாங்குறாரு. பிள்ளைக மேல சத்தியம் பண்ணுன்னு சொல்றாரு. நான் என்ன சார் பண்ணுனேன்? பட்டினி கெடந்துல்ல சமைச்சுப் போடுறேன்?"

அவர் வாய் திறந்தது. பதற்றத்தில் சொல் வரவில்லை. நல்ல கை போர்வையைப் பிடித்துப் பிசைந்தது. ஞானபூரணியைப் பார்த்தார். "பூரணிதான்... அவதான்..."

சொல்லி முடிக்க அவரால் முடியவில்லை. முடிக்க வைக்கவும் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

"நான்தான் ஆக்குனேன், மீனா" என்றாள். "எனக்காக. இவுகளுக்குத் தெரியாம. வாசம் வருதுன்னு கேட்டாக. பக்கத்து வீடுன்னு சொல்லிட்டேன்."

தெருவில் பட்டாசுக் கம்பெனி வேன் ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பியது.

அழகுமீனா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏங்க்கா?" என்றாள். "தெருவுல இத்தன வீடு இருக்கு. எங்க பேரு எப்பிடிக்கா உங்க வாயில வந்துச்சு?"

"தெரியல மீனா. பக்கத்துல இருக்கீக..."

"பக்கத்துல இருந்ததுக்கா?"

ஆவணி மாதத்துக் காலையில் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்த ஜெயபாண்டியின் முதுகு ஞானபூரணிக்குக் கண்முன் வந்தது. அவள் செருப்பை மாட்டினாள். "வா, நானே சொல்றேன். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்றேன், குருசாமிகிட்டயும் சொல்றேன்." கட்டில் பக்கம் திரும்பி, "வந்துடுறேன்" என்றாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயபாண்டி தன் வீட்டு வாசலில் நின்று கேட்டான். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மூவரும் அடுத்த தெருவில் இருந்த குருசாமி கனகசபாபதியின் வீட்டுக்குப் போனார்கள். பஜனைக்கு ஆள் கூட ஆரம்பித்திருந்தது. சுந்தரபாண்டியும் இருந்தான். அவள் படியேறவில்லை. கீழே நின்றபடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இறால் ஆக்குனது என் வீட்ல. ஜெயபாண்டி பேரச் சொன்னது என் பொய்" என்றாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி சொல்லிப் பழகிய குரல்தான். ஆனாலும் இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறியது.

யாரோ ஒருவர் பின்னால் சிரித்தார். கனகசபாபதி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுந்தரபாண்டியிடம், "விசாரிக்காம சபையில பேசுனது நீ. கேட்டு ஆடுனது நான்" என்றார். ஜெயபாண்டியைப் பார்த்து, "மேல வாங்க சாமி" என்றார். ஞானபூரணி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். அழகுமீனா கூடவே வந்தாள். வீட்டு வாசல் வந்ததும், "சாருக்கு நேரமாச்சுக்கா, கஞ்சி குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தேவாசீர்வாதம் கஞ்சி குடிக்கவில்லை. கரண்டியைக் கொண்டு போனால் வாயை மூடிக்கொண்டார்.

"என் மேல உள்ள கோவத்த வயித்துல காட்டாதீக."

அவள் கரண்டியை இறக்கியதும் பேசினார். "நான் என்ன, செத்தா போயிட்டேன்? என்கிட்ட ஒளிக்கிறதுக்கு."

"சொல்லிருந்தா கேட்டிருப்பீக."

"கேட்டிருப்பேன்."

"என்னால தர முடியாதுல்ல? குடுத்து, அது நெஞ்சுக்குள்ள போயி..." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தர முடியாதுன்னு உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியலங்க. அதான்."

"அதுக்கு?" என்றார். "அதுக்கு என்னையச் சாட்சி சொல்ல விட்டுட்ட. தூக்கிட்டுப் போனவன் வீட்டு மேலயே."

அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாத்திரம் கழுவும்போதும் கேட்டது, இரவு ஜெபத்தில் தலை குனிந்தபோதும் கேட்டது.

சனிக்கிழமை வந்தது. மத்தியானம் அவரே ஆரம்பித்தார். "மீன்காரன் வந்திருப்பான். போயி இறால் வாங்கிட்டு வா."

"வேண்டாங்க. விழுங்குற பயிற்சி குடுக்குற டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு..."

"எனக்கில்ல. உனக்கு."

"எனக்கு வேண்டாம்."

"வாங்குன்னா வாங்கு. ஒளிக்காம ஒரு தடவ தின்னு."

அவர் நல்ல காலை ஊன்றி, அவள் தோளைப் பிடித்துச் சக்கர நாற்காலிக்கு மாறினார்; அதை அடுப்படி வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக்கு வாசம் போகக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி வைத்தாள். அடுப்படி முழுக்கப் புழுக்கம். அவர் சொல்லச் சொல்லச் செய்தாள். பூண்டு பொன்னிறமானதும், "எடு, தனியா எடு" என்றார். இறால் சுருளும்போது, "இப்ப பாகு. மொத்தத்தையும் ஊத்தாத" என்றார். குழறலாக வந்தாலும், வகுப்பில் பலகைக்கு முன்னால் நின்ற குரலின் அதட்டல் அதில் இருந்தது.

தட்டில் சோறும் இறாலும் வைத்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மெல்ல முடியவில்லை. அவர் கண் அவள் வாயிலேயே இருந்தது. ஆசையில்லாமல் இல்லை அந்தக் கண்ணில். அவர் எச்சிலைக் கூட்டி, தாடையைத் தாழ்த்தி, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி கவனமாக விழுங்குவதைப் பார்த்தாள். தட்டைத் தள்ளப் போனாள்.

"தள்ளாத. எப்படி இருக்கு, சொல்லு."

"நல்லாருக்கு."

"அது வெறும் விடை. படிப்படியா வழி எழுது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மென்றாள். "மொதல்ல இனிக்குது. உதட்டுலயே ஒட்டுது."

"பெறகு?"

"பெறகு புளிப்பு. தாடை ஓரமா கூசுது. இறாலு கடிக்கையில நறுக்குனு இருக்கு, ரப்பர் மாதிரி இல்ல."

"ஒறைப்பு?"

"ஒறைப்பு கடைசியிலதான் வருது. முழுங்குன பெறகு."

அவர் தலையாட்டினார். கண்ணோரம் ஈரம் தெரிந்தது, புகையாகவும் இருக்கலாம். "முழுசாச் சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்தையும் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் ருசிக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ குத்தியது; அந்தக் குத்தல் இனிமேல் போகாது என்று அவளுக்குத் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயபாண்டி சரணம் சொல்லிப் பூஜையைத் தொடங்கினான். அவன் இன்னும் அவளோடு பேசவில்லை. மலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தபடி, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.